பொத்தான் போடாத விரல்களும் பொறுப்பைக் கைகழுவும் அரசும்

“பிள்ளை தானே சாப்பிடுவானா? கழிப்பறைக்குத் தானே போய் வருவானா? பென்சில் பிடிப்பானா?” மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் நாட்டின் எந்த மூலையிலும் எதிர்கொள்ளும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் “இல்லை” என்ற பதில் வந்தாலும் சேர்க்கை வெளிப்படையாக மறுக்கப்படுவதில்லை. மறுத்தால் சட்டம் குறுக்கே நிற்கும். “கொஞ்சம் பழக்கிவிட்டு அடுத்த வருடம் கூட்டி வாருங்கள்” என்று மட்டும் சொல்லப்படும். யார் பழக்குவது, எங்கே பழக்குவது, எந்தக் காசில் பழக்குவது என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்டால் விடை சொல்ல அங்கே ஒருவரும் இருப்பதில்லை. அடுத்த வருடம் அவள் மீண்டும் வருகிறாள். கேள்விகளும் பதில்களும் மாறுவதில்லை. குழந்தைக்கு மட்டும் ஒரு வயது கூடியிருக்கிறது.

அந்த மூன்று கேள்விகளும் குழந்தையின் கையைப் பற்றியவை. கரண்டியைப் பிடிப்பது, கால்சட்டையின் நாடாவை அவிழ்ப்பது, பென்சிலை நகர்த்துவது ஆகியவை விரல்களின் நுண் இயக்கத் திறன் சார்ந்தவை. பயிற்சியால் பெருமளவு வளர்த்தெடுக்கக்கூடிய இத்திறனை வளர்க்க வேண்டிய பொறுப்பிலிருந்து அரசு நழுவிவிட்டது. பிறகு, திறன் இல்லை என்பதையே காரணம் காட்டிக் குழந்தையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துகிறது. இது ஒரு மருத்துவப் பிரச்சனை மட்டும்தானா, நமது கட்சிக்கும் இதில் வேலை இருக்கிறதா என்று தோழர்கள் கேட்கலாம். நிச்சயமாக இருக்கிறது.

கை எப்படி உருவாகிறது

ஏறத்தாழ ஆறு மாத வயதில் குழந்தை ஒரு பொருளை உள்ளங்கையால் அள்ளிப் பிடிக்கிறது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறது. ஒன்பது, பத்து மாதங்களில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தரையில் சிந்திய ஒரு சோற்றுப் பருக்கையைப் பொறுக்கி எடுக்கின்றன. நான்கைந்து வயதுக்குள் பொத்தான் போடவும், பென்சிலை மூன்று விரல்களுக்கு நடுவே நிறுத்தவும் கை கற்றுக்கொள்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாக நிகழ்வது போலத் தோன்றுவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைக்குக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடக்கலாம். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், குழந்தை நல்ல கையாலேயே எல்லா வேலைகளையும் செய்து, மறு கையை மறந்தே போகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குத் தசைகள் தளர்ந்திருப்பதால் பிடி நிலைப்பதில்லை. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு ஈரமாவு கையில் ஒட்டுவதே தாங்க முடியாத துன்பம். பார்வையற்ற குழந்தைக்கோ பிரெயில் புள்ளிகளைப் பிரித்தறியும் விரல் நுனிதான் கல்வியின் வாசல்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் செய்யக்கூடியது உண்டு. பாதிக்கப்படாத கையைச் சிறிது நேரம் கட்டுப்படுத்தி மறு கையை வேலைக்குப் பழக்கும் முறை உண்டு. இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலைகளைத் திரும்பத் திரும்பத் தரும் முறை உண்டு. மூளை இளமையாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் தொடங்கினால் பலன் அதிகம். இதற்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வேண்டியதில்லை. பிசைந்த மாவு, துணி மாட்டும் கிளிப், பயறும் கொண்டைக்கடலையும் கலந்த ஒரு தட்டு, கிழிக்கப் பழைய செய்தித்தாள், தடித்த சாக்பீஸ், பிடியில் துணி சுற்றிய ஒரு கரண்டி ஆகியவை போதும்.

எந்தக் குழந்தைக்கு எந்த வேலை, எந்த வரிசையில், எப்படி உட்காரவைத்து என்று அறிந்த ஒரு மனிதர்தான் இன்றியமையாத தேவை. இடுப்பும் பாதமும் நிலைகொள்ளாத குழந்தைக்கு விரல்கள் கட்டுப்படாது. கால்கள் அந்தரத்தில் தொங்கும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு “இவனுக்கு எழுத வராது” என்று முடிவு கட்டும் பள்ளிகள் எத்தனை! காலுக்கடியில் ஒரு பலகையை வைத்திருந்தால் அவன் எழுதியிருக்கக்கூடும். அதைச் சொல்லத் தெரிந்தவர் அங்கு நியமிக்கப்படவே இல்லை.

மார்க்சியர்களாகிய நமக்குக் கை அந்நியமான பொருள் அன்று. மனிதனாக மாறிய வரலாற்றில் உழைப்பின் பங்கைப் பற்றி 1876இல் எழுதிய எங்கெல்ஸ், மனிதக் கையின் வளர்ச்சியை உழைப்பின் வரலாறாகவே கண்டார். சோவியத் உளவியலாளர் வீகோத்ஸ்கி 1920களில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளிடையே பணியாற்றியபோது, உடலின் குறையைவிட அதன் சமூக விளைவுகளே குழந்தையை அதிகம் முடக்குகின்றன என்று வாதிட்டார். குழந்தையின் கை சமூகத்தின் நடுவே உருவாகிறது. அதை உருவாக்க மறுக்கும் சமூகத்தின் மீதுதான் குற்றம் சாட்ட வேண்டும்.

தாளில் இருக்கும் உரிமை

சட்டங்கள் இல்லாமலில்லை. நீண்ட போராட்டங்களுக்குப் பின் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பழைய சட்டத்தின் 7 வகைகளை 21 ஆக விரிவாக்கியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளவும் உரிய ஆதரவு அளிக்கவும் பள்ளிகளைக் கட்டாயப்படுத்தியது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களைக் கண்டறிந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது.

அந்த மையம் இருக்குமிடம் மாவட்டத் தலைநகர். கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வாரம் இரு முறை, இரண்டு பேருந்து மாறி, நடக்க இயலாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் அங்கே போய்வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. போன பிறகு சிகிச்சையாளர் இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் அவரும் ஒப்பந்த ஊழியர்; நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார். மூன்று மாதம் போராடிவிட்டுத் தாய் நின்றுவிடுகிறாள். பதிவேட்டில் அவள் “தொடர் சிகிச்சைக்கு வராதவர்” ஆகிறாள்.

பள்ளியில் நிலைமை என்ன? தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு அது மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் எத்தனை விரல்கள் கற்கும் பருவத்தைக் கடந்திருக்கும்! ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஒதுக்கும் தொகை ஆண்டுக்கு 3,500 ரூபாய். ஒரு நாளைக்கு 10 ரூபாய்கூட இல்லை. புதிய கல்விக் கொள்கையோ சிறப்பாசிரியர்களைப் பள்ளி வளாகத் தொகுப்புகளுக்குள் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. போதாத ஒருவரைப் பல பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் சீர்திருத்தம்!

சந்தையும் தாயும்

அரசு காலி செய்த இடத்தில் சந்தை அமர்ந்திருக்கிறது. பெருநகரங்களில் தெருவுக்குத் தெரு தெரபி மையங்கள் முளைத்துள்ளன. முக்கால் மணி நேர அமர்வு ஒன்றுக்குப் பல நூறு ரூபாய். வாரத்துக்கு இத்தனை அமர்வுகள் என்று தொகுப்புக் கட்டணங்கள். வசதியுள்ள வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் அங்கே போய் ஆறு வயதில் தன் பெயரை எழுதுகிறது. அதே அளவு பாதிப்புள்ள கூலித் தொழிலாளியின் குழந்தை பன்னிரண்டு வயதிலும் ஊட்டிவிடக் காத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைக் குழந்தையின் மருத்துவ அறிக்கையில் தேடினால் கிடைக்காது. பெற்றோரின் ஊதியச் சீட்டில் தேட வேண்டும். ஏகலைவனின் கட்டைவிரலை ஒருமுறைதான் கேட்டார்கள். நமது ஆட்சியாளர்கள் ஏழை வீட்டு மாற்றுத்திறன் குழந்தைகளின் கட்டைவிரல்களை நாள்தோறும் காணிக்கையாகப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தைக்குப் போக முடியாதவர்களின் பாரம் முழுவதும் தாயின் மீது விழுகிறது. “வீட்டிலேயே செய்யுங்கள்” என்று ஒரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுக்கிறார்கள். செய்ய வேண்டியவள் விடிகாலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, வேலைக்குப் போய்த் திரும்பியவள். பயிற்சி செய்ய முடியாமல் போனால் அவளே குற்றவாளி. கர்ப்பத்தில் செய்த பிழை, முற்பிறவிப் பாவம் என்று குடும்பமும் ஊரும் ஏற்கெனவே சுமத்திய பழியுடன் இதுவும் சேர்கிறது. பராமரிப்பு உழைப்பை ஊதியமின்றி உறிஞ்சும் முதலாளித்துவமும், அதைப் பெண்ணின் தர்மம் என்று போதிக்கும் ஆணாதிக்கமும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

அடுத்த பாரம் அங்கன்வாடி ஊழியருக்கு. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடிகளில் கண்டறிந்து, சேர்த்து, பரிந்துரைத்து அனுப்புவதற்கான நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஆரவாரத்துடன் வெளியிட்டது. நோக்கத்தில் தவறில்லை, அங்கன்வாடிதான் இப்பணிக்கு உரிய இடம் என்பதே நமது நிலையும்கூட. ஆனால் 2018இல் 4,500 ரூபாயாக நிர்ணயித்த மதிப்பூதியத்தை ஒன்றிய அரசு இப்புதிய பணியைச் சுமத்தியபோது உயர்த்தவில்லை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு செய்த பரிந்துரை தூசு படிந்து கிடக்கிறது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்பதை நிலைநாட்டவே 2022இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தன் உழைப்புக்கு “தொண்டு” என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பெண்ணிடம் சிகிச்சையாளரின் பணியையும் சேர்த்துக் கேட்கிறது அரசு.

தேர்வுக் கூடத்தில் ஒரு மணி நேரம்

இத்தனையையும் தாண்டிப் படித்து வருபவர்களைத் தேர்வுக் கூடம் வழிமறிக்கிறது. எழுதும்போது கை இறுகி முடங்கும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தாம் சொல்வதை எழுத ஓர் உதவியாளர் கேட்டார். 40 சதவீத அளவு இல்லை என்று அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த அளவுகோல் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கே உரியது, எழுத உதவியாளர் பெறுவதற்கு அது முன்நிபந்தனை ஆகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு நீட் தேர்வில் எழுத்துக் குறைபாடுள்ள ஒரு மாணவிக்குச் சட்டப்படி தர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படவில்லை. தேர்வு முகமை தவறு செய்தது என்று நீதிமன்றம் நவம்பரில் கூறியது. ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை.

இவை உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தவர்களின் கதை. கிராமத்துப் பள்ளியில், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தன் உரிமை என்பதையே அறியாமல், பாதி விடைத்தாளுடன் எழுந்து வரும் பிள்ளைகளின் கதை எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறாது. விரல்களின் பாதிப்பைச் சதவீதத்தில் அளந்து, 39க்கும் 40க்கும் இடையே ஒரு வாழ்க்கையையே வெட்டும் நிர்வாக மனப்பான்மைதான் இங்கே எதிரி.

பெயர் தெய்வீகம், வரி ஐந்து சதவீதம்

2015 டிசம்பரில் பிரதமர் மாற்றுத்திறனாளிகளுக்கு “திவ்யாங்” என்று பெயர் சூட்டினார். தெய்வீக உறுப்புகளைக் கொண்டவர்களாம். மாற்றுத்திறனாளி அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. தெய்வீக உடலுக்கு உரிமை எதற்கு, பக்தியும் பரிவும் போதுமே! இரண்டே ஆண்டுகளில், 2017இல், சக்கர நாற்காலிக்கும் பிரெயில் தட்டச்சுக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி விதித்தது அதே அரசு. முகாம்களில் அமைச்சர்கள் கேமராவின் முன்னே உபகரணங்களை வழங்குகிறார்கள். முகாம் கலைந்த பின், அதைப் பயன்படுத்தக் குழந்தைக்குக் கற்றுத் தர ஆளில்லை; பெட்டி பரணுக்குப் போகிறது.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 18 வயதில்தான் தொடங்குகிறது. 80 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும்; தொகையோ 300 ரூபாய். பயிற்சி பலன் தரும் குழந்தைப் பருவம் முழுவதற்கும் இத்திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

எண்ணிக்கையைக்கூட மறைக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 7 வகைகள் மட்டும் இருந்த காலத்தின் கணக்கு இது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் இருந்த மாற்றுத்திறன் பற்றிய கேள்வி ஆறாவது சுற்றில் நீக்கப்பட்டது. எண்ணாவிட்டால் ஒதுக்க வேண்டியதில்லை அல்லவா?

இரண்டு ஆட்சேபங்கள்

“ஏழை நாடு, பணம் எங்கே?” என்பார்கள். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை ஒரே நாளில் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அன்று பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மாவும் பயறும் பலகையும் கேட்கும் குழந்தையிடம் மட்டும் அந்தக் கேள்வி எழுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் நேர்மையானது. மாற்றுத்திறனாளி இயக்கத்துக்குள்ளிருந்தே வருவது. “எங்கள் கையை உங்கள் கை போல ஆக்குவதுதான் நோக்கமா? இருக்கும்படி எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பது அது. இதை நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கையெழுத்தை அழகாக்க ஒரு குழந்தையை மணிக்கணக்கில் வதைப்பது பயிற்சியாகாது. அழவைத்துக் கையைப் பிடித்து எழுதவைப்பது வன்முறை. குழந்தை எதைச் செய்ய விரும்புகிறது, எது அதற்குத் தன்மானம் தரும் என்பதிலிருந்து பயிற்சி தொடங்க வேண்டும். பென்சில் கைகூடாதவருக்கு விசைப்பலகையும், அதுவும் கைகூடாதவருக்கு எழுதும் உதவியாளரும் உரிமை. ஆனால் “ஏற்றுக்கொள்கிறோம்” என்ற சொல்லை அரசு தன் செலவைக் குறைக்கும் சாக்காக்க விடக் கூடாது. ஏழைக் குழந்தைக்கு ஏற்பு, பணக்காரக் குழந்தைக்குப் பயிற்சி என்பது சமத்துவம் ஆகாது.

போபாலும் காசர்கோடும்

மூலதனமே ஊனத்தை உற்பத்தி செய்த இடங்களும் இந்த நாட்டில் உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடின் நச்சுவாயு பரவியது. வாயுவை சுவாசித்தவர்களின் பிள்ளைகளில் பலர் வளர்ச்சிக் குறைபாடுகளுடன் பிறந்தார்கள். அவர்களுக்கான இயன்முறை மருத்துவத்தையும் சிறப்புக் கல்வியையும் இலவசமாகத் தரும் சிங்காரி அறக்கட்டளையைத் தொடங்கியவர்கள், வாயுவில் தப்பிப் பிழைத்த தொழிற்சங்கத் தலைவிகள் ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும். 2004இல் தங்களுக்குக் கிடைத்த கோல்ட்மேன் விருதுத் தொகையை அவர்கள் இதற்குக் கொடுத்தார்கள். சிங்காரி என்றால் இந்தியில் தீப்பொறி. கூடுதல் இழப்பீடு கோரிய சீராய்வு மனு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. நிறுவனம் தர வேண்டியதையும் அரசு தர வேண்டியதையும் இரு பெண் தொழிலாளிகள் தந்தார்கள்.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மீது ஆண்டுக்கணக்கில் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அதைத் தடை செய்யக் கோரி இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் இணைந்து நடத்தும் பட்ஸ் பள்ளிகள், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பயிற்சியை ஊராட்சி அளவுக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டியுள்ளன. அங்கும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. காசர்கோட்டுத் தாய்மார்கள் இடதுசாரி ஆட்சியிலும் தலைமைச் செயலகத்தின் முன் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரு மையம் என்பதற்கும் ஊராட்சியில் ஒரு பள்ளி என்பதற்கும் உள்ள தூரம், ஒரு தாயின் வாரக் கூலியின் தூரம்.

நமது பணி

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் பிரச்சனையை அந்த அரங்கத்தின் தோழர்களுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிடுகிறோம். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் சிகிச்சைக்குச் சம்பளத்துடன் விடுப்பு என்ற வரி எத்தனை முறை இடம்பெற்றிருக்கிறது? கிளைக் கூட்டத்துக்கு வராத பெண் தோழரின் வீட்டில் இப்படியொரு குழந்தை இருப்பதை எத்தனை கிளைச் செயலாளர்கள் அறிவார்கள்?

ஒவ்வோர் ஒன்றியத்திலும் நிரந்தரப் பணியிடங்களுடன் ஆரம்பநிலை இடையீட்டு மையம். உச்ச நீதிமன்றம் வகுத்த விகிதப்படி சிறப்பாசிரியர் நியமனம், ஒப்பந்த முறை ஒழிப்பு. அங்கன்வாடி ஊழியர்களுக்குத் தொழிலாளர் தகுதியும் உரிய பயிற்சியும் ஊதியமும். சிகிச்சைக்குச் செல்லும் பெற்றோருக்கு இழந்த கூலியும் பயணச் செலவும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் பராமரிப்பு உதவித்தொகை. உபகரணங்களுக்கு முழு வரிவிலக்கு. இவற்றை மாற்றுத்திறனாளி அரங்கம், மாதர், வாலிபர், ஆசிரியர், அங்கன்வாடி சங்கங்கள் அனைத்தும் ஒரே கோரிக்கைப் பட்டியலாக முன்வைக்க வேண்டும்.

கோரிக்கை வைக்கும் முன்பே செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பள்ளிக்கு வெளியே நிற்கும் மாற்றுத்திறன் குழந்தைகளைக் கணக்கெடுக்கட்டும். “அடுத்த வருடம் கூட்டி வாருங்கள்” என்று திருப்பியனுப்பப்பட்ட தாயுடன் அந்தப் பள்ளி வாசலுக்கு நமது தோழர்கள் பத்துப் பேர் போகட்டும். இம்முறை கேள்விகளைக் கேட்பது நாமாக இருக்கட்டும்: சிறப்பாசிரியர் எங்கே? பாதம் பதியும் இருக்கை எங்கே? 3,500 ரூபாய் எங்கே?